எலுமிச்சைச் சந்தையில் இறங்காத கப்பல்

புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்கு மேலே விண்வெளிக் கப்பல் வந்து நின்ற அன்றைக்கும் ஏலம் வழக்கம்போலத்தான் நடந்தது, ஏனென்றால் பழம் காத்திருக்காது, கப்பல் காத்திருக்கும் என்று பார்த்த மாத்திரத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று கால்களில் ஒன்றை மட்டும் நீட்டிக்கொண்டு, மற்ற இரண்டையும் வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு, மேற்கே மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்தபடி, குடிதண்ணீர்த் தொட்டியின் உயரத்தில் அது அப்படியே நின்றது. வெளியூர் வியாபாரிகள் இரண்டொருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு இது என்ன கூத்து என்று கேட்டார்கள். அதுவா, அது திரவியம் அண்ணாச்சி மன்றத்துக் கப்பல் என்று சொல்லிவிட்டு, உள்ளூர்க்காரர்கள் பழம் தரம்பிரிக்கப் போனார்கள்.

மன்றத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நடிகருக்கு மன்றம் வைத்த ஊர் தெரியும், கட்சிக்கு மன்றம் வைத்த ஊர் தெரியும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் டிவியில் தமிழ் டப்பிங்கில் ஓடிய ‘புழுதிக்கோள் வீரர்கள்’ என்ற வெளிநாட்டுத் தொடருக்கு மன்றம் வைத்து, போர்டு எழுதி, பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்திய ஊர் எங்கள் ஊர் ஒன்றுதான். அந்தத் தொடரின் ஆட்கள் குதிரையும் வைத்திருப்பார்கள், விண்வெளிக் கப்பலும் வைத்திருப்பார்கள். தலையில் தொப்பியும் இடுப்பில் துப்பாக்கியுமாகச் செம்மண் பறக்கும் ஏதோவொரு கோளில் இறங்கி, மாடு திருடுகிறவர்களோடு மல்லுக்கட்டி ஜெயித்து, வாங்க வேண்டிய கூலியை வாங்காமல் ஏமாந்து, மறுபடி கப்பலேறி அடுத்த கோளுக்குப் போவார்கள். செம்மண்ணும் வெயிலும் ஏமாறுதலும் எங்களுக்குப் பழக்கமானவை என்பதால் தொடர் எங்களுக்குச் சட்டென்று பிடித்துப்போனது.

மன்றத் தலைவர் திரவியம் சந்தையில் கமிஷன் மண்டி வைத்திருந்தார். செயலாளர் பீர்முகம்மது பஜாரில் தையற்கடை வைத்திருந்தார். தொடரின் நாயகன் கேப்டன் டார்வெல் போட்டிருப்பதைப் போன்ற முழங்காலைத் தாண்டும் கோட்டைத் தனக்கும் தலைவருக்கும் தைத்து, சித்திரை வெயிலில் இருவரும் அதைப் போட்டுக்கொண்டு கமிட்டிக் கூட்டத்துக்குப் போனதை ஊர் இன்னும் மறக்கவில்லை. எது கேட்டாலும் திரவியத்திடம் விடை இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும், அதனால் மண்டிக்குப் போகிறவர்கள் கொஞ்சம் அவசரத்தில் இருப்பதுபோலவே போவார்கள்.

அப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப்டனும் மற்றவர்களும் ஏதோ ஒரு கோளின் சந்தையில் எதிரிகளிடம் மாட்டிக்கொண்டார்கள், அவர்களைக் காப்பாற்றக் கப்பலோட்டி டோபின் தன்னந்தனியாகக் கப்பலை இறக்கினான், நெற்றியில் வியர்வை வழிந்தது, நெம்புகோலை இழுத்தான், கப்பலின் ஒரு கால் மட்டும் வெளியே வந்தது, ‘தொடரும்’ என்று போட்டார்கள். தொடரவில்லை. அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்குத் தொப்பையைக் குறைக்கும் பெல்ட் விளம்பரம் ஓடியது, அதற்கடுத்த ஞாயிறும் அதுவே ஓடியது. பார்ப்பதற்கு ஆள் போதவில்லை என்று டிவிக்காரர்கள் போனில் சொன்னபோது, நாங்க பாத்தோமே என்று பீர்முகம்மது கேட்டார்.

மன்றம் சும்மா இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு முன்னால் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே உண்ணாவிரதம் இருந்தது. தொடரை எடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு, எங்கள் மனசு எவ்வளவு புளித்துவிட்டது என்று காட்டுவதற்காக ஒரு மூட்டை எலுமிச்சை அனுப்பியது. அதன்பின் செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் இரண்டாக உடைந்தது. கப்பல் இறங்கப்போகிற இடம் எதிரியின் பொறி என்று தெரிந்தேதான் கேப்டன் டோபினைத் தனியே விட்டுவிட்டுப் போனார் என்பது திரவியத்தின் கட்சி. கேப்டன் அப்படிப்பட்டவரே இல்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது பீர்முகம்மதின் கட்சி. ஆறேழு வருஷம் இதைப் பேசினார்கள், கல்யாண வீட்டில் பேசினார்கள், துஷ்டி கேட்கப்போன சாவு வீட்டில் பேசினார்கள், பேசிப் பேசி ஒருவர் கடைக்கு ஒருவர் போவதை நிறுத்தினார்கள். தலைவர் அளவெடுக்காத ரெடிமேட் சட்டை போட ஆரம்பித்ததும், செயலாளர் வீட்டில் சங்கரன்கோவில் எலுமிச்சையில் ஊறுகாய் போட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

அந்தக் கப்பல்தான் இப்போது சந்தைக்கு மேலே நின்றது. அதே சாய்வு, அதே ஒற்றைக் கால்.

மதியம் பசி எடுத்ததும் டோபின் நூலேணியில் இறங்கி வந்தான். சந்தையின் ஓரத்தில் மாவுமில் வைத்திருந்த மாரிக்கனியிடம்தான் முதலில் போய் நின்றான். ஊரில் அந்தத் தொடரை ஒரு வாரம்கூடப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு அரைப்பு அதிகம். “வணக்கம், பெண்மணியே. இது எந்தக் கோள் என்று கூற முடியுமா?” என்று டிவியில் பேசிய அதே தமிழில், அதே குரலில் கேட்டான் டோபின். அவன் கேட்டு முடித்த பிறகும் உதடுகள் கொஞ்ச நேரம் வேறெதையோ பேசிவிட்டுத்தான் மூடின.

“இது மில்லு. மொளகாப்பொடி ஓடுது, தள்ளி நில்லுங்க, கண்ணு எரியும்” என்றாள் மாரிக்கனி.

ஊர் அவனைப் பழகிக்கொண்டதும் கப்பலைப் பழகிக்கொண்டதும் ஒரே மாதத்தில் நடந்தன. கப்பலின் நிழலில் பழம் வதங்காமல் இருந்ததால் ஏலக்கடைகள் நிழலுக்கு நகர்ந்தன, நிழலோ காலையில் மேற்கும் மாலையில் கிழக்குமாகப் போனதால் கடைகளும் அதன் பின்னாலேயே போய்வந்தன, காலைநிழல்காரர்களுக்கும் மாலைநிழல்காரர்களுக்கும் தகராறு வந்து போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனது. கண்டக்டர்கள் கப்பலடியெல்லாம் எறங்கு என்று கூவினார்கள். ஆயுதபூஜைக்கு நூலேணியில் ஏறி, நீட்டியிருந்த காலில் திருநீறும் சந்தனமும் பூசி வாழைக்கன்று கட்டினோம். அம்மன் தேர் அந்தக் காலில் இடிக்குமோ என்று பயந்து தேரின் கலசத்தைக் கழற்றிவிட்டு இழுத்தோம், பிறகு பார்த்தால் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. டோபினோடு பேசும்போது உதடு மூடும்வரைக்கும் காத்திருந்துவிட்டுப் பதில் சொல்வது மரியாதை என்று ஆகிப்போனது. வெளியூர்ச் சொந்தக்காரர்களிடம் பேசும்போதும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டதில், புளியங்குடிக்காரர்கள் ரொம்பப் பொறுமைசாலிகள் என்று எங்களுக்கு ஒரு பெயர்கூடக் கிடைத்தது.

மன்றத்தார் இருவருக்கும் மட்டும் அவனால் ஏமாற்றம். இரண்டு பேரும் தனித்தனியாக அவனைக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, கேப்டனுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டார்கள். “மன்னிக்க வேண்டும் நண்பரே, அந்தக் காட்சியில் நான் இல்லை” என்றான் அவன். கேப்டனைப் பற்றித் தனக்குத் தெரிந்த அளவுகூட அவருடைய கப்பலோட்டிக்குத் தெரியவில்லையே என்று திரவியம் வருத்தப்பட்டார்.

டோபின் எலுமிச்சை லோடு ஆட்டோ ஓட்டினான், மாவுமில்லில் பெல்ட் அறுந்தால் மாட்டினான், மாட்டிவிட்டு மில் மோட்டாரைக் கண்மணி என்று கூப்பிட்டான், அந்தப் பெயர் மோட்டாருக்குத்தானா என்று மாரிக்கனி ஒருநாள் கேட்டாள், அவன் உதடு மட்டும் வெகுநேரம் அசைந்துகொண்டிருந்தது. ஊருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத மாரிக்கனிக்கு முப்பது தாண்டிவிட்டது என்று அதுவரை வருத்தப்பட்டவர்கள், வானத்திலிருந்து குதித்த மாப்பிள்ளைக்காகத்தான் இத்தனை நாள் இருந்தாளாக்கும் என்று கிண்டல் பண்ணத் தொடங்கினார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்ததே. தொடர் ஓடிய அந்த நேரம் வந்தால் டோபின் எங்கே இருந்தாலும், கையில் என்ன வேலை இருந்தாலும், போட்டது போட்டபடி நூலேணி ஏறிப்போய் இருக்கையில் உட்கார வேண்டும். நின்றுபோன அந்தக் கடைசிக் காட்சி மறுபடி நடக்கும், கப்பல் கிடுகிடுவென்று ஆடும். கீழே நிற்கிற எங்களுக்கு அவன் அலறுவது கேட்கும். கப்பல் விழப்போகிறது, நொறுங்கப்போகிறது, நான் சாகப்போகிறேன் என்று ஒவ்வொரு வாரமும் அவன் புதிதாக நம்பினான். அரைமணி நேரம் கழித்து இறங்கி வரும்போது சட்டை பிழிய நனைந்திருக்கும், சோறு இறங்காது, மாரிக்கனி வைத்த தண்ணீர்ச் செம்பைப் பிடிக்கக் கை நிற்காது. தொடரைப் பாதியில் நிறுத்தியதால் எங்களுக்கு ஏற்பட்டது வருத்தம். அவனுக்கு ஏற்பட்டது இதுவென்று பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

“காலு தரையில படாதவனுக்கு நான் எப்படிக் கழுத்த நீட்ட?” என்று மாரிக்கனி திரவியத்திடம் வந்து கேட்டாள். “அண்ணாச்சி, உங்க ஆளுக கதைய நீங்கதான் முடிச்சு வைக்கணும்.”

அவள் கேட்ட வேளையோ என்னவோ, தொடரின் மிச்சக் கதையை அந்தக் கம்பெனி சினிமாவாக எடுத்துவிட்டது. எங்கள் எலுமிச்சைதான் வேலை செய்தது என்று திரவியம் சொன்னார், மூட்டையைத் தைத்துக் கொடுத்தது யார் என்று பீர்முகம்மது கேட்டார். மீனாம்பிகா டாக்கீஸில் முன்னோட்டம் போட்ட அன்று, திரையில் கப்பல் இரண்டாவது காலை நீட்ட, சந்தையில் நின்ற கப்பலும் படாரென்று இரண்டாவது காலை நீட்டியது. கீழே தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து வேறிடம் போய்ப் படுத்தது. எங்கள் ஊர்த் திரையில் எது ஓடுகிறதோ அது எங்கள் டோபினுக்கு நடக்கும் என்று இப்படித்தான் விளங்கியது. கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டாள் மாரிக்கனி.

அந்தச் சமயத்தில்தான் ஷார்ஜாவிலிருந்து பீர்முகம்மதின் மச்சான் போன் செய்தான். அவன் அங்கே படத்தைப் பார்த்துவிட்டான். கதையைச் சொல்லாதே என்று பீர்முகம்மது சொல்வதற்குள் வாய்நிறையச் சொல்லிவிட்டான்: பாதிப் படத்தில் கப்பல் நல்லபடியாக இறங்குகிறது, எல்லோரும் தப்பிக்கிறார்கள், பிற்பாதியில் வெளியிலிருந்து மட்டுமே சாத்த முடிகிற ஒரு கதவு வருகிறது, அதைச் சாத்துவதற்காக டோபின் வெளியிலேயே நின்றுவிடுகிறான், செத்துப்போகிறான். அப்புறம் கேப்டன் விஷயம், என்று மச்சான் தொடங்கியதும் பீர்முகம்மது போனை வைத்துவிட்டார். அதை மட்டும் அவர் திரையில்தான் பார்ப்பார்.

வைத்த கையோடு, ஆறேழு வருஷத்துக்குப் பிறகு, திரவியத்தின் மண்டிப் படியேறினார். விஷயத்தைச் சொன்னார். திரவியம் ஒரு பழக்கூடையை நகர்த்தி அவருக்கு உட்கார இடம் செய்தார்.

டோபினிடம் சொன்னபோது அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “கதையில் அவ்வாறு எழுதப்பட்டிருந்தால், நான் சென்றுதான் ஆக வேண்டும்” என்றான்.

“எவன் எழுதுனான்?” என்றாள் மாரிக்கனி. “எழுதுனவன் இங்க வந்து ஒரு நாளு மாவு அரைச்சானா? ஒங்க கையி நடுங்குததப் பாத்தானா?” சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

இரண்டு மன்றமும் சேர்ந்து தையற்கடையில் கூட்டம் போட்டது. படத்தையே ஊருக்குள் விட வேண்டாம் என்றார்கள் சிலர்; அப்படியானால் ஆயுசு முழுக்க ஞாயிற்றுக்கிழமை வரும். கதவுக் காட்சியை மட்டும் வெட்டிவிட்டு முன்னையும் பின்னையும் சேர்த்து ஒட்டிவிடலாம் என்றார் பீர்முகம்மது, அவர் தொழில் அப்படி. வெட்டினால் அதற்கடுத்த காட்சியிலிருந்து அவன் எங்கேயுமே இருக்கமாட்டான், செத்தவனாகவும் இருக்கமாட்டான் இருப்பவனாகவும் இருக்கமாட்டான், அது இன்னும் மோசம் என்றார் திரவியம், அதுவும் சரியாகத்தான் பட்டது. பேச்சு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கையில், வாசலில் நின்ற மாரிக்கனி ஒன்று கேட்டாள்.

“நடுவுல முறுக்குத் திங்க வெளிய விடுவாங்கள்லா, அந்நேரம் படத்துல உள்ளவங்கல்லாம் எங்க இருப்பாங்க?”

பீர்முகம்மது கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் இத்தனை படம் பார்த்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியதில்லை. அந்நேரம் அவர்களைக் கேட்பார் யாருமில்லை, கதையும் அவர்களைக் கூப்பிடாது, அவரவர் வீட்டில் அவரவர் இருக்கலாம்தானே என்று யோசித்துக்கொண்டே வந்தபோது, ஒவ்வொருவர் முகமாக வெளிச்சம் வந்தது. வெளிநாட்டுக்காரன் படத்தில் இடைவேளை கிடையாது. எங்கே விடுவது என்பதை நம்ம டாக்கீஸ் ஆபரேட்டர்தான் முடிவு பண்ணுவார். கப்பலின் மூன்றாவது கால் தரையைத் தொட்டதும் ஆபரேட்டர் அருமைநாயகம் இடைவேளை விடுவது, அதன்பின் எந்தக் காட்சிக்கும் ஒருவரும் உள்ளே போகாமல் இருப்பது என்று முடிவானது. மீனாம்பிகா டாக்கீஸின் முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு, கொட்டகைக்குள் ஒரே ஒருத்தர் உட்கார்ந்திருந்தாலும் படத்தை ஓட்டியே தீருவார், கடவுளே வந்து சொன்னாலும் நிறுத்தமாட்டார். ஆகையால் ஒருத்தர்கூட உள்ளே இருக்கக் கூடாது. எல்லோரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். திரவியமும்தான்.

படம் வந்த அன்று சந்தைக்கு விடுமுறை விட்டு, கூடைகளையெல்லாம் ஒதுக்கி, தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தோம். டோபின் ஏறிப்போனான். ஊர் முழுக்க டாக்கீஸில் இருந்தது, மாரிக்கனி மட்டும் சந்தையில் நின்றாள். திரையில் கப்பல் ஆடியது, சாய்ந்தது, டோபின் நெம்புகோலை இழுத்தான், எதிரிகள் சுட்டார்கள், ஆறேழு வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் கண்முன்னால் ஒவ்வொரு காலாகப் பதித்துக் கப்பல் தரையில் உட்கார்ந்தது. உட்கார்ந்த சத்தம் திரையிலிருந்தும் வந்தது, சந்தையிலிருந்தும் வந்தது. அருமைநாயகம் இடைவேளை சிலைடைப் போட்டார், விளக்கு எரிந்தது, அழுகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனோம். முறுக்கு தின்றோம், டீ குடித்தோம், டோபினும் மாரிக்கனியும் சந்தைப் பக்கமிருந்து நடந்து வருவதைப் பார்த்துக் கைதட்டினோம்.

அப்போதுதான் தலைவரைக் காணோம் என்று தெரிந்தது.

திரவியம் உள்ளே, நடு வரிசையில், கோட்டுப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். பீர்முகம்மது போய்க் கூப்பிட்டார், அவர் திரும்பவில்லை. அஞ்சு நிமிஷம் பாய், கேப்டன் வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லட்டும், கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன், கதவுக்கு ரொம்ப முன்னாலேயே எழுந்துவிடுகிறேன் என்றார். அந்த அஞ்சு நிமிஷம் எங்கே முடியும் என்று யாருக்குத் தெரியும்? ஓடத் தொடங்கிய படத்தை முதலாளி நிறுத்துவாரா? அதெல்லாம் திரவியத்துக்கும் தெரியும். தெரிந்துதான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. மனுஷன் ஒரே ஒரு கேள்வியோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறார். முதல் மணி அடித்தது.

மாரிக்கனி உள்ளே போய் அவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். முந்தானையில் மாவு அப்படியே இருந்தது. என்ன சொல்லித் திட்டப் போகிறாளோ என்று நாங்கள் வாசல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அண்ணாச்சி, நான் இந்தக் கதைய ஒரு நாளும் பாத்ததில்ல” என்றாள். “அவரு என்னத்துக்குத் தனியா வந்தாருன்னே எனக்குத் தெரியாது. எனக்கு மொதல்ல இருந்து சொல்லுங்க.”

திரவியம் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவர் சொல்லிக் கேட்காதவர் ஊரில் கிடையாது, சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டவரும் கிடையாது. “மொதல்ல இருந்தா?” என்றார்.

“ஆமா. ஆனா இங்கன வேண்டாம். வீட்டுல அடுப்பப் பத்த வச்சிட்டுக் கேக்கேன்.”

இரண்டாவது மணி அடித்தது. முதலாளி, தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, உள்ளே ஆள் உண்டா என்று கேட்டார். திரவியம் திரையைப் பார்த்தார், வெள்ளையாக, எல்லா விடையையும் வைத்துக்கொண்டு அது நின்றது. பிறகு வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். நடக்கும்போதே, மொதல்ல அந்தக் கேப்டனுக்கு ஒரு குதிர இருந்துச்சு பாத்துக்கோ என்று தொடங்கிவிட்டார். மாரிக்கனி உம் கொட்டிக்கொண்டே வந்தாள். பின்னால் கொட்டகை காலியாக இருந்தது, முதலாளி படம் வேண்டாம் என்று விளக்குகளை அணைக்கச் சொன்னார்.

வாசலில் டோபின் நின்றிருந்தான். கையில் தொப்பி, கால்கள் தரையில், முகத்தில் பயம்.

“நண்பரே, பிற்பாதி ஓடாவிட்டால் எனக்கு என்ன நேரும்?” என்று கேட்டான்.

திரவியம் பீர்முகம்மதைப் பார்த்தார். பீர்முகம்மது ரோட்டைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் உதடு அசைந்து மூடும்வரைக்கும் திரவியம் காத்திருந்தார்.

“யாருக்கு மாப்ள தெரியும்?” என்றார். “வாங்க, வீட்டுக்குப் போவோம்.”